கேப்டனை எப்படி அளப்பது? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

தோனியா, கோலியா, கங்குலியா என்ற சண்டை ஓயப்போவதில்லை; ஓயவும் வேண்டாம். ஆனால் கையில் எடுக்கும் எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு போட்டால் சண்டையில் சுவாரசியம் கூடும். ஒரு தலைவர் எவ்வளவு திறமையானவர் என்று அளப்பது அலுவலகங்களுக்கும் அரசுகளுக்கும்கூடத் தீராத தலைவலிதான். கிரிக்கெட் கேப்டனை வைத்து அதைப் பேசுவது எளிது. ஒவ்வொரு பந்துக்கும் பதிவு இருக்கிறது, முடிவுகளை ஊரே பார்க்கிறது, கருத்து இல்லாத ஆளே கிடையாது. கீழே வருவது பெரும்பாலும் ஆண்கள் டெஸ்ட் கிரிக்கெட்டைப் பற்றியது.

வெற்றி சதவீதம் ஒன்று போதாதா?

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். கோலி 68 டெஸ்ட்களுக்குக் கேப்டன்: 40 வெற்றி, 17 தோல்வி, 11 டிரா. தோனி 60 டெஸ்ட்: 27 வெற்றி, 18 தோல்வி, 15 டிரா. கங்குலி 49 டெஸ்ட்: 21 வெற்றி, 13 தோல்வி, 15 டிரா. வெற்றி சதவீதமாகப் போட்டால் கோலி 58.82, தோனி 45, கங்குலி 42.86.

இப்போது அதே எண்களை வேறு மாதிரி வகுத்துப் பாருங்கள். ஒரு தோல்விக்கு எத்தனை வெற்றி? கோலி 2.35, கங்குலி 1.62, தோனி 1.50. இரண்டாம் இடத்துக்குக் கங்குலி வந்துவிட்டார்! எண்கள் மாறவில்லை, டிராவை எப்படி எண்ணுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது. முதல் கணக்கில் டிராவும் தோல்வியும் ஒன்றேதான். இரண்டாவதில் டிரா என்று ஒன்று நடக்கவே இல்லை. இரண்டும் நியாயமில்லை. ஆனால் டிவியில் வரும் பட்டியல்கள் எப்போதும் முதல் கணக்கைத்தான் காட்டும். ரசிகர்கள் அவரவருக்குச் சாதகமானதைப் பிடித்துக்கொள்வார்கள்.

டிராவைத் தோல்வி போல எண்ணினால் என்ன தப்பு?

நம்ம ஊர் ஸ்ரீகாந்தைக் கேளுங்கள். 1989-ல் பாகிஸ்தான் போன இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன். எதிரே இம்ரான் கான், வாசிம் அக்ரம், புதிதாக வந்த வக்கார் யூனிஸ். இந்திய அணியில் 16 வயது சச்சினுக்கு அதுதான் முதல் தொடர். நான்கு டெஸ்ட், நான்கும் டிரா. பாகிஸ்தானில் போய்த் தோற்காமல் திரும்புவது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அவருடைய பேட்டிங் அந்தத் தொடரில் சரியாக அமையவில்லை. அடுத்த நியூசிலாந்து பயணத்துக்கு அசாருதீன் கேப்டன் ஆனார். ஸ்ரீகாந்துக்கு அணியிலேயே இடம் இல்லை. இன்றைக்கு அவருடைய கேப்டன்சி வெற்றி சதவீதம் பூஜ்ஜியம். தோல்வி சதவீதமும் பூஜ்ஜியம்தான், அதை யார் பார்க்கிறார்கள்?

சொந்த மண், வெளிநாடு என்று பிரித்துப் பார்த்தால் சரியாகிவிடுமா?

பாதி சரியாகும். தோனி உள்நாட்டில் 30 டெஸ்ட்களில் 21 வெற்றி, வெளியே 30 டெஸ்ட்களில் 6 வெற்றி. கோலி உள்ளே 31-ல் 24, வெளியே 37-ல் 16. கங்குலி உள்ளே 21-ல் 10, வெளியே 28-ல் 11.

கங்குலியின் வெளிநாட்டுக் கணக்கு அசத்துகிறது என்று தோன்றும். அதையும் பிரித்துப் பாருங்கள். அந்த 11-ல் 6 வெற்றிகள் பங்களாதேஷ், ஜிம்பாப்வே மண்ணில் வந்தவை. மீதி ஐந்து: கண்டி, போர்ட் ஆஃப் ஸ்பெயின், ஹெடிங்லி, அடிலெய்ட், ராவல்பிண்டி. கோலியின் 16-ல் 9 வெற்றிகள் இலங்கையிலும் வெஸ்ட் இண்டீஸிலும் கிடைத்தவை. இந்த இரண்டு நாடுகளும் அப்போது பலம் குன்றியிருந்தன.

இந்திய கேப்டனுக்கு உண்மையான பரீட்சை என்று எல்லோரும் சொல்லும் நாடுகள் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து. அங்கே கோலிக்கு 7 வெற்றி, தோனிக்கு 3 (ஹாமில்டன், டர்பன், லார்ட்ஸ்), கங்குலிக்கு 2. கோலியின் ஏழில் இரண்டு, 2018-19-ல் ஸ்மித்தும் வார்னரும் தடையில் இருந்தபோது வந்தவை என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும், உண்மைதான். ஆனால் ஒன்று கவனியுங்கள்: எவ்வளவு நியாயமாகப் பிரிக்கிறோமோ அவ்வளவு சின்ன எண்கள் கையில் மிஞ்சுகின்றன. ஏழுக்கும் மூன்றுக்கும் நடுவே எத்தனை நோ-பால், எத்தனை மழை, எத்தனை நழுவிய கேட்ச்!

60 டெஸ்ட் என்பது பெரிய எண்ணிக்கை இல்லையா?

பார்க்கப் பெரிது. கணக்குக்குச் சிறிது. ஒவ்வொரு டெஸ்ட்டிலும் ஜெயிக்க 45 சதவீத வாய்ப்புள்ள ஒரு கேப்டன் 60 டெஸ்ட் ஆடினால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அவருடைய வெற்றி சதவீதம் ஏறத்தாழ 32-லிருந்து 58 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். புள்ளியியலில் வழக்கமாகப் போடும் 95 சதவீத வரம்பு இது. கோலியின் 68 டெஸ்ட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 47-லிருந்து 71 வரை வரும்.

இரண்டு வரம்புகளும் நடுவில் நன்றாகவே ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. அதாவது, தோனிக்கும் கோலிக்கும் இடையே உள்ள கிட்டத்தட்ட 14 புள்ளி வித்தியாசம் முழுக்க அதிர்ஷ்டமாகவே இருக்கலாம் என்ற வாய்ப்பைத் தள்ளிவிட முடியாது. எதிரணி, மைதானம், அணியின் பலம் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. உலகிலேயே அதிக டெஸ்ட்களுக்குக் கேப்டனாக இருந்த கிரேம் ஸ்மித்துக்கே 109 ஆட்டங்கள்தான் கிடைத்தன. ஆறே ஆறு டெஸ்ட்களுக்குக் கேப்டனாக இருந்தவர்களை வைத்துப் பட்டியல் போடுபவர்களைப் பற்றி என்ன சொல்ல?

நல்ல டீம் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிப்பார்களே?

யார் வேண்டுமானாலும் என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் அடிப்படை சரி. ஆஸ்திரேலியாவின் பாண்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 77 டெஸ்ட், 48 வெற்றி, 2003, 2007 என இரண்டு உலகக் கோப்பைகள். மெக்ராத், வார்ன் இருவரும் 2007 ஜனவரியில் இங்கிலாந்துடனான ஆஷஸ் தொடரை 5-0 என்று முடித்துக்கொடுத்துவிட்டு டெஸ்ட்டிலிருந்து ஓய்வு பெற்றார்கள். அதற்கப்புறம் அதே பாண்டிங் 2009-லும் 2010-11-லும் ஆஷஸைத் தோற்றார். ஆளும் அதே ஆள், மூளையும் அதே மூளை. அனுபவம் கூடித்தான் இருந்தது.

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எத்தனை ஜெயித்தார் என்று கேட்காமல், இந்த அணி, இந்த எதிரி, இந்த மைதானம் என்றால் எத்தனை ஜெயித்திருக்க வேண்டும், அதைவிட எவ்வளவு கூட ஜெயித்தார் என்று பார்க்க வேண்டும். சதுரங்கத்தில் ஈலோ மதிப்பெண் வைத்து, யார் யாரை வெல்ல எவ்வளவு வாய்ப்பு என்று முன்கூட்டியே சொல்கிறார்கள் அல்லவா? அதே முறையை அணிகளுக்கும் பொருத்தலாம். கேப்டன் பொறுப்பேற்றபோது அணியின் மதிப்பெண் என்ன, ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று கூட்டிக்கொண்டே போனால், வெறும் சதவீதத்தைவிட எவ்வளவோ மேல்.

அப்படியும் ஒரு சிக்கல் மிச்சம். அணியைத் தேர்ந்தெடுப்பது தேர்வுக்குழு. இந்தியாவில் கேப்டனின் கருத்தைக் கேட்பார்கள், வாக்கு அவருக்குக் கிடையாது. ஐபிஎல்லில் ஏலம், உரிமையாளர், பயிற்சியாளர் எல்லாம் சேர்ந்துகொள்ளும். பதினோரு பேரில் கேப்டனும் ஒருவர், அவர் அடிக்கும் ரன்னும் வெற்றியில் சேர்கிறது. கேப்டனாக மட்டும் கோலி 5,864 டெஸ்ட் ரன் எடுத்தார். அதில் கேப்டன்சி எது, பேட்டிங் எது?

பேட்டிங்கைக் கழித்துவிட்டு, கேப்டன்சியை மட்டும் தனியாகப் பார்க்க முடிந்த ஆள் யாராவது உண்டா?

மைக் பிரியர்லி. ஆய்வாளர்களுக்காகவே ஆண்டவன் அனுப்பிய ஆள் போல. இங்கிலாந்துக்காக 39 டெஸ்ட், சராசரி 22.88, ஒரு சதம்கூடக் கிடையாது. ஆட்டக்காரராக மட்டும் பார்த்தால் அணியில் இடமே இல்லை. கேப்டனாக 31 டெஸ்ட்: 18 வெற்றி, 4 தோல்வி மட்டுமே.

1981 கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இயான் போத்தம் கேப்டனாக 12 டெஸ்ட் ஆடி ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. லார்ட்ஸில் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்ஜியம், பதவியை விட்டார். ஹெடிங்லிக்கு பிரியர்லியைத் திரும்ப அழைத்தார்கள். 227 ரன் பின்தங்கி ஃபாலோ-ஆன் (உடனே மறுபடி பேட்டிங்), இரண்டாவது இன்னிங்ஸில் 135-க்கு 7 விக்கெட். அங்கிருந்து போத்தம் ஆட்டமிழக்காமல் 149. ஆஸ்திரேலியாவுக்கு இலக்கு 130. பிரியர்லி வில்லிஸை எதிர்முனைக்கு மாற்றிப் பந்துவீச வைத்தார். வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட். இங்கிலாந்து 18 ரன்னில் வென்றது, தொடரையும் 3-1 என்று எடுத்தது. கேப்டன் மாறினார், மற்ற எல்லாம் அப்படியே, முடிவு தலைகீழ் என்று இதைச் சொல்வது வழக்கம்.

ஆனால் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். போத்தமின் 12 டெஸ்ட்களில் 9 ஆட்டங்கள் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரானவை, ராபர்ட்ஸும் ஹோல்டிங்கும் கார்னரும் உச்சத்தில் இருந்த சமயம். பிரியர்லி கேப்டனாக வெஸ்ட் இண்டீஸை டெஸ்ட்டில் ஒரு தடவைகூடச் சந்திக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது பாகிஸ்தான், நியூசிலாந்து, இந்தியா, ஆஸ்திரேலியா. அதிலும் 1978-79-ல் 5-1 என்று வென்ற ஆஸ்திரேலியா, கெர்ரி பாக்கர் நடத்திய தனியார் தொடருக்கு முன்னணி ஆட்டக்காரர்களை இழந்திருந்த அணி. முழு பலத்துடன் அவர்கள் திரும்பிவந்த 1979-80-ல் மூன்று டெஸ்ட்களிலும் பிரியர்லி தோற்றார். அவர் நல்ல கேப்டன்தான். ஆட்களைப் படிக்கத் தெரிந்தவர், பிற்பாடு மனப்பகுப்பாய்வாளராகவே ஆனவர். ஆனால் போத்தம் அவ்வளவு மோசம் என்பதற்கு இந்த எண்கள் சாட்சி ஆகாது.

கேப்டனை மாற்றியதும் அணி எழுந்து நிற்பதைப் பலமுறை பார்க்கிறோமே?

எப்போது மாற்றுகிறார்கள் என்று யோசியுங்கள். தோல்விமேல் தோல்வி வந்து, இதற்கு மேல் கீழே போக இடமில்லை என்ற நிலையில். அந்தத் தோல்விகளில் ஒரு பங்கு துரதிர்ஷ்டம். அது தானாகவே தீரும். யாரை உட்கார வைத்திருந்தாலும் கொஞ்சம் மேலே வந்திருக்கும். நெதர்லாந்துக் கால்பந்து லீக்கில் பல ஆண்டுத் தரவுகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மேலாளரை நீக்கிய அணிகள் மீண்டன, சரி. அதே அளவு சறுக்கியும் மேலாளரை வைத்துக்கொண்ட அணிகளும் மீண்டன.

நம் வீட்டு உதாரணம் வேண்டுமானால் சென்னை சூப்பர் கிங்ஸ். 2022-ல் ஜடேஜா 8 ஆட்டத்தில் 2 வெற்றி. தோனி திரும்ப வந்தார்: 6 ஆட்டத்தில் 2 வெற்றி. அணி ஒன்பதாவது இடம். 2025-ல் ருதுராஜ் 5 ஆட்டத்தில் 1 வெற்றி, காயம். தோனி 9 ஆட்டத்தில் 3 வெற்றி, கடைசி இடம். ஐந்து கோப்பை வென்ற அதே தோனிதான்.

எதிர்ப் பக்கத்தில் ஸ்டோக்ஸைச் சொல்லலாம். ஜோ ரூட்டின் கடைசி 17 டெஸ்ட்களில் இங்கிலாந்து ஒன்றில்தான் வென்றது. ஸ்டோக்ஸ் வந்ததும் முதல் 12-ல் 10. துரதிர்ஷ்டம் தீர்ந்தது என்று மட்டும் சொல்லி இவ்வளவு பெரிய தாவலை விளக்க முடியாது. அவர்கள் ஆடிய விதமே வேறு. ஆனால் அதே வேளையில் மெக்கல்லமும் பயிற்சியாளராக வந்தார். இருவரில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை.

தோற்றதால் நீக்கப்படாமல், வேறு காரணத்தால் கேப்டன் மாறினால்?

அதுதான் நல்ல சோதனை. பொருளியல் அறிஞர்கள் ஜோன்ஸும் ஓல்கனும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் இதே தந்திரத்தை நாட்டுத் தலைவர்களுக்குப் பயன்படுத்தினார்கள். பதவியில் இருக்கும்போதே நோயிலோ விபத்திலோ இறந்த தலைவர்களை மட்டும் எடுத்து, முன்னும் பின்னும் பொருளாதார வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். சாவு, பொருளாதாரம் பார்த்து வருவதில்லை அல்லவா? தலைவர் மாறினால் வளர்ச்சியும் மாறுகிறது, அதுவும் சர்வாதிகார நாடுகளில்தான் பெரிதாக மாறுகிறது என்று கண்டார்கள். தலைவருக்குக் கடிவாளம் இருக்கும் இடத்தில் தலைவரின் தனிப்பட்ட பங்கு குறைவு.

கிரிக்கெட்டில் இதற்கு நெருங்கிய கதை இந்தியாவின் 2020-21 ஆஸ்திரேலியப் பயணம். அடிலெய்டில் 36 ரன்னில் சுருண்டபின், குழந்தைப் பேறுக்காகக் கோலி ஊர் திரும்பினார். இது முன்பே முடிவானது, தோல்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரஹானே மெல்போர்னில் வென்றார், சிட்னியில் டிரா செய்தார், பிரிஸ்பேனில் 328-ஐத் துரத்தி வென்றார். பும்ரா, அஸ்வின், ஜடேஜா யாரும் இல்லாத அந்த பிரிஸ்பேன் டெஸ்ட்டில்தான் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமானார்கள். கேப்டனாக ரஹானே 6 டெஸ்ட் ஆடி 4 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்லை. சோதனை நல்ல சோதனை. அந்தத் தொடரில் மூன்றே ஆட்டம் என்பதுதான் குறை.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? முடிவெடுக்கும் திறனையா?

ஆமாம், ஆனால் விளைவைக் கையால் மறைத்துக்கொண்டு. 2007 டி20 உலகக் கோப்பை இறுதி, ஜோஹன்னஸ்பர்க். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை. ஹர்பஜனுக்கு ஓவர் மிச்சம் இருந்தும் தோனி ஜோகிந்தர் சர்மாவிடம் பந்தைக் கொடுத்தார். முதலில் வைட், அப்புறம் ஒரு சிக்ஸர். 4 பந்தில் 6 ரன் என்ற இடத்தில் மிஸ்பா பந்தைத் தூக்கிப் பின்பக்கம் தட்ட, ஸ்ரீசாந்த் பிடித்தார். இந்தியா 5 ரன்னில் வென்றது. அந்தப் பந்து இன்னும் சில மீட்டர் போயிருந்தால், "அனுபவமே இல்லாத பையனிடம் யாராவது பந்தைக் கொடுப்பார்களா" என்று இன்றுவரை திட்டிக்கொண்டிருப்போம். தோனி எடுத்த முடிவு அதேதான், மிஸ்பாவின் மட்டைதான் வேறு மாதிரி பட்டிருக்கும்.

அந்த நேரத்தில் தெரிந்த தகவலை வைத்து அது எப்படிப்பட்ட முடிவு? ஹர்பஜனின் முந்தைய ஓவரை மிஸ்பா மூன்று சிக்ஸராக வெளுத்திருந்தார். ஆகவே ஜோகிந்தர் என்பது பைத்தியக்காரத்தனம் இல்லை. மேதைமை என்று கொண்டாடும் அளவுக்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவே.

மறுபக்கம் இங்கிலாந்து கேப்டன் நாசர் ஹுசைன், பிரிஸ்பேன், 2002. டாஸ் வென்று ஆஸ்திரேலியாவை பேட்டிங் செய்யச் சொன்னார். அன்று மாலை ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு 364. ஆட்டத்தை 384 ரன்னில் தோற்றார். இதுவும் மோசமான விளைவு என்பதால் மட்டும் மோசமான முடிவு ஆகாது. ஆனால் அப்போதே பலருக்கும் புருவம் உயர்ந்தது. ரோஹித் 2024 அக்டோபரில் பெங்களூரில் நியூசிலாந்துக்கு எதிராக பேட்டிங் எடுத்து அணி 46-க்குச் சுருண்டது. ஆடுகளத்தைத் தவறாகக் கணித்துவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். இப்படி, எடுத்த காரணத்தைக் கேப்டனே சொல்லும்போது நம் வேலை எளிதாகிறது.

உருப்படியாக அளக்க வேண்டுமானால், ஒவ்வொரு முக்கிய முடிவையும் அடுத்த பந்து விழும் முன்பே எழுதிவைக்க வேண்டும். நான் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறேன். நானே எவ்வளவு தப்பான கேப்டன் என்பது தெரிகிறது, அது போனஸ்.

டாஸ் வெல்வது திறமையா?

இல்லை. 2025 சாம்பியன்ஸ் டிராபியில் ரோஹித் ஐந்து ஆட்டத்திலும் டாஸ் தோற்றார், ஐந்தையும் வென்று கோப்பையை எடுத்தார்.

கோப்பைகளை எண்ணினால் போதாதா? கடைசியில் அதுதானே நிற்கும்?

நினைவில் நிற்கும். அளவுகோலாக நிற்காது. தோனியின் மூன்று ஐசிசி கோப்பைகளில் 2007 இறுதியில் வித்தியாசம் 5 ரன், 2013 சாம்பியன்ஸ் டிராபி இறுதியிலும் 5 ரன். 2013-ல் மழையால் 20 ஓவராகச் சுருங்கிய ஆட்டம். இங்கிலாந்து ஜெயிக்கும் நிலையில் இருந்தபோது, அடி வாங்கிக்கொண்டிருந்த இஷாந்த் அடுத்தடுத்த பந்துகளில் மார்கனையும் போபாராவையும் வீழ்த்தினார். இரண்டு ஆட்டத்தில் பத்துப் பதினைந்து ரன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போயிருந்தால் ஒரு கோப்பை கேப்டன். கோலி ஒருநாள் போட்டிகளில் 95-ல் 65 வென்றவர், தோனி 200-ல் 110. சதவீதத்தில் கோலி 68, தோனி 55. ஆனாலும் கோலிக்கு ஐசிசி கோப்பை பூஜ்ஜியம். 2019 அரையிறுதியில் 18 ரன்னில் போனது.

நாக்-அவுட் ஆட்டங்களில் பதற்றம் இல்லாமல் இருப்பது தனித் திறமை என்பார்கள். இருக்கலாம். தோனியிடம் அது இருந்தது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதை நிரூபிக்கும் அளவுக்கு நாக்-அவுட் ஆட்டங்கள் யாருக்கும் கிடைப்பதில்லை.

கூட ஆடியவர்களிடமும் நிபுணர்களிடமும் கேட்டால்?

கேட்கலாம், எச்சரிக்கையோடு. 1920-ல் தார்ன்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் கேட்டும், ஒன்றில் நன்றாகப் போட்டவர்கள் எல்லாவற்றிலும் நன்றாகப் போட்டிருந்தார்கள். மொத்தத்தில் பிடித்துப்போன ஆளின் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் வந்துவிடுகிறது.

தோனியின் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான். 2009 டிசம்பரில் இந்தியா டெஸ்ட் தரவரிசையில் முதலிடம் போனபோது அதற்குப் பெயர் நிதானம். 2011-ல் இங்கிலாந்திலும் அடுத்து ஆஸ்திரேலியாவிலும் 0-4, 0-4 என்று விழுந்தபோது அதே முகத்துக்குப் பெயர் அலட்சியம், தற்காப்புப் புத்தி. கேள்வி கேட்பவர் ஆட்டத்தின் முடிவைச் சொல்லாமல் கேட்க முடிந்தால் நன்றாக இருக்கும். ஓய்வு பெற்ற வீரரிடம் அது எப்படி முடியும்?

ஆட்களை வளர்த்ததற்கு மதிப்பெண் உண்டா?

என்னைக் கேட்டால் இதுதான் பெரிய மதிப்பெண், ஆனால் இன்னொருவர் கணக்கில்தான் ஏறும். தோனி 2004 டிசம்பரில் கங்குலியின் கீழ் அறிமுகமானார். முதல் ஆட்டத்தில் ஒரு பந்துகூட ஆடாத குறை, ரன் அவுட். சில மாதத்தில் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கங்குலி அவரை மூன்றாவதாக இறக்கினார், 148 அடித்தார். கோலி, அஸ்வின், ஜடேஜா டெஸ்ட்டுக்கு வந்தது தோனி காலத்தில். உள்நாட்டில் 31-ல் 24 என்ற கோலியின் கணக்கு அஸ்வின், ஜடேஜா இருவரின் விரல்களில் கட்டியது. அந்த வெற்றிகளில் தோனிக்கு எத்தனை பங்கு? எந்தப் பட்டியலிலும் அந்தப் பத்தியே கிடையாது.

இன்னும் பெரிய உதாரணம் இலங்கை கேப்டன் அர்ஜுன ரணதுங்க. டெஸ்ட்டில் 56-ல் 12 வெற்றி; சதவீதம் 21 சொச்சம். பட்டியலில் தேடினால் அடியில் இருப்பார். 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் டேரல் ஹேர், கண்டியிலிருந்து வந்த இளம் தமிழ்ப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு முறை எறிபந்து என்று நோ-பால் கொடுத்தார். 1999-ல் அடிலெய்டில் ரோஸ் எமர்சன் அதையே செய்தபோது ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றார், ஆட்டம் நின்றது. ரணதுங்க அன்று நடந்துகொண்ட விதம் முரட்டுத்தனம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் கேப்டன் கை விட்டிருந்தால் முரளியின் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கலாம். முரளி 2010-ல் இலங்கையின் காலி நகரில் 800 விக்கெட்டோடு டெஸ்ட்டிலிருந்து ஓய்வு பெற்றார். அதில் பெரும்பங்கு, ரணதுங்க போன பிறகு வந்த கேப்டன்களின் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது.

ஓவர் வேகத்தை, அதாவது குறித்த நேரத்துக்குள் ஓவர்களை வீசி முடிப்பதை, கேப்டனின் அளவுகோலாக வைக்கிறார்களே, சரியா?

விதியில் இருக்கும் ஒரே நேரடி அளவுகோல் அதுதான், விசித்திரம். மெதுவாக வீசியதற்காகத் தோனியால் 2012-ல் அடிலெய்ட் டெஸ்ட்டில் ஆட முடியாமல் போனது. ஆஸ்திரேலியா 2020 மெல்போர்னில் மெதுவாக வீசியதற்காக 4 புள்ளி இழந்து, உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் முதல் இறுதியாட்ட வாய்ப்பையே கோட்டைவிட்டது. அளக்க எளிது என்பதால் அளக்கிறார்கள்.

சச்சின் மோசமான கேப்டனா?

25 டெஸ்ட், 4 வெற்றி, 9 தோல்வி. பார்படாஸில் 1997-ல் 120 ரன் இலக்கைத் துரத்தி 81-க்குச் சுருண்டது அவர் கேப்டன்சியில்தான். அந்தப் பயணத்தில் ஸ்ரீநாத் காயத்தால் இல்லை. கும்ப்ளே வெளிநாட்டில் அப்போது இன்னும் பாதி ஆள். இந்த எண்களை வைத்து மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவரே அதை விரும்பிச் சுமக்கவில்லை, பதவியை விட்டார். நாலு பேர் சொல்வதைவிட அதுதான் பெரிய தகவல்.

இதெல்லாம் அலுவலகத்தில் இருக்கும் தலைவருக்குப் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், எண்கள்தான் அங்கே இன்னும் மோசம். டீம் லீடரின் விற்பனை இலக்கை வைத்து அளந்தால், நல்ல பகுதி கிடைத்தவர் நல்ல தலைவர் ஆகிவிடுவார். சொந்த மண் பிரச்சினைதான் இது. கூகுள் நிறுவனம் 2000-களின் இறுதியில் ஓர் ஆய்வு நடத்தியது. மேலாளர்களே தேவையில்லை என்று நினைத்த பொறியாளர்கள் நிறைந்த இடம் அது. ஊழியர் கருத்துக்கணிப்பையும் பணி மதிப்பீட்டையும் வைத்துப் பார்த்தால், நல்ல மேலாளரின் கீழ் இருப்பவர்கள் வேலையை விடுவது குறைவு, திருப்தி அதிகம் என்று தெரிந்தது. நல்ல மேலாளரின் எட்டுப் பழக்கங்களைப் பட்டியலிட்டார்கள். முதலில் வந்தது நல்ல பயிற்சியாளராக இருப்பது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது.

அதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் கேட்ட கேள்விகள் "உங்கள் மேலாளர் திறமையானவரா" என்ற வகையில் இல்லை. என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். தனியாகப் பேசுகிறாரா, சின்ன விஷயத்திலெல்லாம் தலையிடுகிறாரா என்பது போல. ஒளிவட்டம் அங்கே கொஞ்சம் மங்கும்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: தோனியா, கோலியா?

டெஸ்ட்டில் கோலி. ஐந்து பந்துவீச்சாளர்களோடு இறங்கி 20 விக்கெட் எடுக்கப் பார்த்தது, உடல் தகுதியை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது, வெளிநாட்டில் டிராவுக்கு ஆடாமல் இருந்தது, இவை எல்லாம் விளைவுக்கு முன்பே தெரிந்த முடிவுகள். ஒருநாளிலும் டி20-யிலும் தோனி, கோப்பைகளுக்காக இல்லை, கையில் இருந்த பந்துவீச்சை வைத்து ஆட்டத்தைக் கடைசி ஓவர் வரை இழுத்துப் போனதற்காக.

பும்ரா இல்லாத கோலி என்ன செய்திருப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காவில் கோலி வென்ற ஏழு டெஸ்ட்களிலும் பும்ரா ஆடினார். வெள்ளைப் பந்துக்காரர் என்று முத்திரை குத்தி வைத்திருந்த அந்த பும்ராவை 2018 ஜனவரியில் கேப் டவுனில் நேரே டெஸ்ட்டுக்குள் இறக்கியதும் கோலியும் ரவி சாஸ்திரியும்தான்.